செம்பு பிடித்த கை

எங்கள் கல்யாண வீடியோ இருந்த ஹார்ட் டிஸ்க்கை ரவுட்டரின் முதுகில் சொருகினேன். டிக், டிக் என்று முனகியது. விளக்கு ஒருமுறை சிமிட்டிவிட்டு அணைந்துபோனது. 'எந்தச் சாதனமும் இணைக்கப்படவில்லை' என்று ரவுட்டர் பெண் குரலில் ரொம்ப மரியாதையாகச் சொன்னது.

கம்ப்யூட்டர் என்று தனியாக ஒரு பெட்டியை யாரும் வீட்டில் வைத்துக்கொள்ளாத காலம் இது. எதுவானாலும் ரவுட்டரிடம்தான் போய் நிற்க வேண்டும். விளக்கைப் போடுவது, வாசலில் நிற்பது யாரென்று சொல்வது, குடும்பப் போட்டோக்களைப் பத்திரமாக வைப்பது, எந்த முகம் யாருடையது என்று ஞாபகம் வைத்துக்கொள்வது எல்லாமே அதன் வேலை. நான் அதனோடு மல்லுக்கு நிற்கும்போதெல்லாம் என் மனைவி சுகந்தி, "உங்க சின்ன வீட்டுக்கு இன்னிக்கு என்ன கோவமாம்?" என்பாள்.

மகள் நறுமுகைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வரவேற்பில் பெரிய திரையில் அப்பா அம்மா கல்யாண வீடியோவை ஓட்ட வேண்டுமென்று அவளுக்கு ஆசை. "முழுசா எதுக்கு? தாலி கட்டறது மட்டும் போட்டா போதாதா?" என்றாள் சுகந்தி. ஏன் என்று நான் கேட்கவில்லை.

டிஸ்க் பழங்காலத்து ரகம், உள்ளே தட்டு சுழல்கிற வகை. இன்றைய ரவுட்டர் தருகிற கரண்ட் அதற்குப் போதாது. கேபிளை மாற்றினேன், துளையை மாற்றினேன். கடைசியில் ரிச்சி தெருவில் அலைந்து, சுவரிலிருந்து தனியாகக் கரண்ட் எடுத்துக்கொள்ளும் ஒரு ஹப்பை வாங்கிவந்து நடுவில் போட்டதும் தட்டு சுழல ஆரம்பித்தது. எனக்கு ராக்கெட் விட்ட பெருமை. ரவுட்டர் விடவில்லை. 'சாதனத்தின் வடிவம் பழையது. ரவுட்டரின் ஃபர்ம்வேர் மென்பொருளைப் புதுப்பிக்கவும். அதற்கு முன் சாதனத்தைக் கழற்றிவிடவும்' என்றது.

இவ்வளவு பாடுபட்டு உயிர் வரவழைத்த டிஸ்க்கைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. சொருகியபடியே அப்டேட்டைப் போட்டேன். பாதியில் ரவுட்டர் தானாக அணைந்து எழுந்தது. பிறகு பார்த்தால் வீடியோ வந்தது, ஆனால் தொடக்கத்தில் மாப்பிள்ளை அழைப்பு வருகிற இடம் மட்டும் கட்டம் கட்டமாக நொறுங்கிக் கிடந்தது. 'சிதைந்த பகுதியைச் சீராக்கலாமா?' என்று கேட்டது. வேண்டாம் என்று எந்த மடையன் சொல்வான்? சரி என்றேன். ஒரு பகல் முழுக்க எடுத்துக்கொண்டு, முடிந்தது என்று சொன்னது.

அன்று சாயங்காலம் மூன்று பேரும் ஹாலில் உட்கார்ந்தோம். மண்டப வாசல். நாகஸ்வரம். காரிலிருந்து இறங்குகிற நான், ஒல்லியாக, தலை நிறைய முடியோடு. எதிரே பட்டு வேட்டி கட்டிய ஓர் இளைஞர் குனிந்து, பித்தளைச் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றி என் காலைக் கழுவினார். நிமிர்ந்து எனக்கு மாலை போட்டார். சிரித்தார்.

"ஐ, வேலு மாமா!" என்று கத்தினாள் முகை. "மாமா கல்யாணத்துக்கு வந்திருந்தாரா? நீங்க ரெண்டு பேரும் சொன்னதே இல்லையே!"

சுகந்தி படத்தை நிறுத்தி, செம்பு பிடித்திருந்த கைகளைப் பெரிதாக்கினாள். அண்ணனுடைய முகத்துக்குக் கீழே மெலிந்த இரண்டு கைகள். விரல் நுனி முதல் மணிக்கட்டு வரை மருதாணி.

"கை அவ கைதான்" என்று முணுமுணுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சுகந்தியின் அண்ணன் செங்கோட்டுவேல் எங்கள் கல்யாணத்துக்கு வரவே இல்லை. அவர்கள் ஊர் ராசிபுரம் பக்கம், நிலபுலன் உள்ள குடும்பம். நான் விழுப்புரத்துக்காரன். எங்கள் ஊரில் எங்கள் தெருவைத் தெரு என்று சொல்ல மாட்டார்கள், அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். சுகந்தி பிடிவாதமாக நின்றதில் அவள் அப்பாகூட இறங்கிவந்துவிட்டார். மாப்பிள்ளை வாசலுக்கு வந்ததும் பெண்ணின் சகோதரன் காலைக் கழுவி, மாலை போட்டு உள்ளே அழைத்துப்போக வேண்டும், அதை மட்டுமாவது செய்துவிட்டுப் போ என்று மகனிடம் கெஞ்சியிருக்கிறார். "அவன் காலை நான் தொடறதா?" என்று கேட்டுவிட்டு மச்சான் தோட்டத்துக்குப் போய்விட்டார். அந்த வாக்கியம் எனக்கு அப்படியே வந்து சேர்ந்தது. இப்படிப்பட்ட வாக்கியங்கள் எப்படியும் வந்து சேர்ந்துவிடும்.

வாசலில் நான் நிற்கிறேன், மேளக்காரர்கள் வாசித்து வாசித்து ஓய்கிறார்கள், காலைக் கழுவ ஆள் இல்லை. அப்போது சுகந்தியின் ஹாஸ்டல் தோழி மெஹருன்னிசா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். "நான்தான் அவ அண்ணன், தம்பி எல்லாம். தள்ளுங்க" என்று செம்பை வாங்கினார். முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். என் கால் கூசியது, நான் பின்னுக்கு இழுத்தேன். "ஆடாதீங்க பாய், சீலை நனையுது" என்றார். வாசலே சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் நான் உள்ளே போனேன். இல்லாவிட்டால் எப்படிப் போயிருப்பேனோ தெரியாது.

முகைக்குக் காதுகுத்து வைத்தபோது மாமன் மடி வேண்டுமென்று ஆள் அனுப்பினோம், மச்சான் வந்துவிட்டார். அதோடு பேச்சுவார்த்தை ஆரம்பமானது. பழையதை அவரும் எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை. முகைக்கு அவர் என்றால் உயிர். அவளிடம் எதையும் சொன்னதில்லை.

அன்றிரவு முகை தூங்கப் போனதும், "நாளைக்கே கம்பெனிக்கு போன் போடுங்க. மெஹர் இருந்த மாதிரியே எனக்குத் திரும்ப வேணும். அந்த ஒண்ணுதான் இருக்கு எங்கிட்ட" என்றாள் சுகந்தி. அவள் கண் சிவந்திருந்தது.

நான் போடவில்லை. மண்டபத்து வேலை, சமையல்காரர், பத்திரிகை என்று இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். உண்மையான காரணத்தை அப்போது என்னிடமே நான் ஒத்துக்கொள்ளவில்லை. சுகந்தி கடைக்குப் போகும் நேரமாகப் பார்த்து அந்த வீடியோவை ஓட்டினேன். செங்கோட்டுவேல் என் காலடியில் குனிகிறார். திருப்பி ஓட்டினேன். மறுபடியும் குனிந்தார். பாதத்தைத் தொட்டு, விரலிடுக்கில் தண்ணீர் விட்டுத் தேய்க்கிற அழகை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். இந்த வயதில், பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருக்கும் ஒருவன் செய்கிற காரியமா இது? ஆனால் நெஞ்சுக்குள் எங்கோ குளிர்ந்தது, அதுதான் நிஜம்.

சுகந்தி மூன்றாம் முறை கேட்டபோதுதான் உதவி எண்ணை அழைத்தேன். மாரிச்செல்வி என்று ஒரு பெண் எடுத்தாள். குரலிலேயே தூத்துக்குடி தெரிந்தது. நடந்ததைச் சொன்னேன்.

"டிஸ்க்கக் கழத்தாமயா சார் அப்டேட் போட்டீய?"

"தப்புதாம்மா. ஆனா வீடியோவுல வராத மனுஷன் எப்படிம்மா வந்தாரு?"

"பழைய வெர்ஷன்ல ஒடஞ்ச எடத்த வெறுமனே விட்டுரும் சார். புதுசுல ஊகிச்சு நெரப்பும். எத்தனையோ கல்யாண வீடியோ பாத்துப் படிச்சிருக்கு அது. மாப்பிள்ள கால யாரு கழுவுவா? பொண்ணோட அண்ணன் தம்பி. ஒங்க வீட்டுப் போட்டோல அம்மாவோட அண்ணன் ஒருத்தர் இருக்காவ. கொண்டுவந்து பொருத்திருக்கும்."

"அங்க இருந்தது வேற ஒருத்தர். பொம்பள. அவங்க முகமும் எங்க போட்டோல இருக்கே?"

"மிச்சம் மீதி தெரியுத மொகத்த வச்சு, யாரா இருக்கும்னு ஒவ்வொருத்தர்ட்டயா கேட்டுட்டுத்தான் வரும் சார். அப்படிக் கேக்காம ஒருத்தர் மொகத்த நெரந்தரமாப் போடப்பிடாதுன்னு சட்டமே இருக்கு, அதுவரைக்கும் மாதிரிக்குத்தான் காட்டும். 'இது நீங்கதானா'ன்னு அவுக போனுக்கு வரும். ஆமான்னு சொல்லிட்டா, கை காலு எல்லாத்தையும் சேத்து முடிச்சு, பழசு மேலயே எழுதிரும். ஒங்க டிஸ்க்ல வேற எடம் இல்ல பாருங்க."

"இன்னும் யாரும் ஆமான்னு சொல்லலேன்னா?"

"அப்ப ஒரிஜினல் அடியிலதான் கெடக்கும். பழைய ஃபர்ம்வேருக்குத் திரும்பிப் போங்க, டிஸ்க்கப் படிக்க வழி நான் இங்கேருந்து தெறந்து விடுதேன், எடுத்துரலாம். தள்ளிப் போடாதிய சார்."

அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகச் செய்தேன். டிஸ்க்கைக் கழற்றினேன், இந்த முறை ஒழுங்காக. ரவுட்டரின் அடியில் ஊசி நுழைகிற ஓட்டைக்குள் குச்சியை அழுத்திப் பிடித்தேன். பழைய ஃபர்ம்வேர் ஏறியது. டிஸ்க்கை ஹப்போடு மாட்டினேன். தட்டு சுழன்றது. சுகந்தி பக்கத்தில் வந்து நின்றாள்.

மண்டப வாசல் வந்தது. குனிந்திருந்தது செங்கோட்டுவேல்தான். சுகந்தி கையைப் பெரிதாக்கினாள். மருதாணி இல்லை. மயிர் அடர்ந்த, மணிக்கட்டில் தங்க வாட்ச் கட்டிய ஆண் கை ஒன்று செம்பைப் பிடித்திருந்தது.

"அப்ப யாரோ ஆமான்னு சொல்லிட்டாவ சார்" என்றாள் மாரிச்செல்வி. "எப்பன்னு பாக்கணுமா?"

பார்த்தாள். நேற்று மத்தியானம் என்றாள். சுகந்தி முதலில் சொன்ன அன்றே நான் அழைத்திருந்தால் மெஹரின் கை திரும்பக் கிடைத்திருக்கும். சுகந்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். வேலை அதிகம் என்று நான் சொன்னதை அவள் நம்பியிருக்க வேண்டும், ஏனென்றால் கோபம் முழுவதும் அண்ணன் மேல் திரும்பியது.

"வராதவன் வந்தேன்னு எப்படிச் சொன்னான்? என்ன தைரியம்? வரட்டும், கேக்கறேன்."

நான் வாயைத் திறக்கவில்லை. வெட்கமாக இருந்தது, ஆனாலும் திறக்கவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் மச்சான் வந்து சேர்ந்தார். தேங்காய் மூட்டை, வாழைத்தார், முகைக்குச் சீர் என்று கார் நிறையக் கொண்டுவந்திருந்தார். வயசாகி, நடை தளர்ந்திருந்தது. தண்ணீர்கூடக் கொடுக்காமல் சுகந்தி டிவியைப் போட்டாள். தன் இளமையான முகம் என் காலடியில் குனிவதை அவர் நின்றபடியே பார்த்தார். முகையும் அறையிலிருந்து எழுந்து வந்துவிட்டாள்.

"நீதானாண்ணா இது?" என்றாள் சுகந்தி.

மச்சான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "இல்லீங் கண்ணு. நான் வல்லியே."

"அப்பறம் எதுக்கு ஆமான்னு போட்டே? அடியில இருந்த பழைய படமே அழிஞ்சுபோச்சு."

"போனுல வந்துச்சு. படத்தையுங் காட்டி, இது நீங்கதானான்னு கேட்டுச்சு. ரெண்டு நாள் அதையே எடுத்தெடுத்துப் பாத்துட்டிருந்தேன். சோறு எறங்குல." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மாப்ள முன்னாடி வந்து மன்னாப்புக் கேக்கோணும்னு எத்தனையோ தடவ நெனச்சிருக்கேன். வாய் வல்ல. இது, கேக்காமயே நடந்து முடிஞ்ச மாதிரி இருந்துச்சு. முகை பாத்தா நெசம்னே நெனச்சுக்குவாளேன்னு ஒரு ஆச. அமுக்கிப்போட்டேன். அந்தப் புள்ளையோட படம் அழிஞ்சு போகும்னு சத்தியமாத் தெரியாது."

"எந்தப் புள்ள மாமா? ஏன் வரல நீங்க?" என்று கேட்டாள் முகை.

அவரே சொன்னார். அந்த வாக்கியத்தையும் விடாமல், என்னைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னார். முகை என் பக்கம் திரும்பினாள். அவள் கண்ணில் வந்த அந்த இரக்கத்தை எதிர்கொள்ள என்னால் முடியவில்லை.

"நானும் ஒண்ணு சொல்லணும் மச்சான்" என்றேன். "உடனே போன் பண்ணியிருந்தா நிறுத்தியிருக்கலாம். நான் பண்ணல. நீங்க குனியறத உக்காந்து திரும்பத் திரும்பப் பாத்துட்டிருந்தேன். நல்லா இருந்துச்சு எனக்கு."

மச்சான் தலையை ஆட்டினார். "இருக்கும் மாப்ள" என்று மட்டும் சொன்னார். சுகந்தி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் வாயில் வந்ததை எல்லாம் இங்கே எழுத முடியாது. இரண்டு ஆம்பிளைகளும் சேர்ந்து உங்கள் மானத்துக்காக ஒருத்தியைக் கழுவித் துடைத்துவிட்டீர்களே என்பது அதன் சாரம்.

அவள் முடிப்பதற்குள் வாசல் மணி அடித்தது. 'மெஹருன்னிசா வந்திருக்கிறார்' என்று ரவுட்டர் அறிவித்தது. வாணியம்பாடியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார். தலைமுடி முழுக்க நரைத்து, கண்ணாடி போட்டு, கையில் மக்கன்பேடா இனிப்பு டப்பாவோடு நின்றார். உள்ளே நுழைந்ததும் எங்கள் நான்கு பேர் முகத்தையும் பார்த்தார்.

"யார் செத்துட்டாங்க? கல்யாண வீடு மாதிரியே இல்லியே!"

மச்சான்தான் முன்னால் போனார். ஒருபோதும் அவர் யார் முன்னாலும் கைகூப்பி நான் பார்த்ததில்லை. "அம்மா, அன்னிக்கு என்ற எடத்துல நீங்க உக்காந்து எங்க மானத்தக் காப்பாத்துனீங்க. இன்னிக்கு உங்க எடத்துல நான் ஏறி உக்காந்துட்டேன். மன்னிச்சுக்கோங்க."

மெஹர் திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "அட, இதுவா? எனக்குத் தெரியுமே அண்ணே. மொதல்ல என்கிட்டதான் கேட்டுச்சு."

"என்ன கேட்டுச்சு?" என்றாள் சுகந்தி.

"இது நீங்கதானான்னு. முக்காடும் பாதி மூஞ்சியும் தெரிஞ்சுது. பஞ்சுமிட்டாய் கலர் சீலை. இல்லன்னு போட்டேன்."

"இல்லன்னா போட்டே? ஏண்டி? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எல்லாம் சரியா வந்திருக்குமேடி!"

மெஹர் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். நடிப்பில்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

"நீதானே சுகி போன மாசம் போன் பண்ணே? சம்பந்தி வீட்ல பழைய ஆளுங்க, யாரு இந்தம்மா, பொண்ணோட அண்ணன் எங்கேன்னு கேப்பாங்க, பதில் சொல்லி மாளாது, நீ வர்ற எடத்த மட்டும் வெட்டிடறேன், தப்பா எடுத்துக்காதேன்னு சொன்னியே. நானும் வெட்டிக்கோன்னு சொன்னேன். அப்பறம் மிஷின் வந்து கேட்டா நான் ஆமான்னு சொல்லலாமா? எப்படியும் வெட்டப்போறதுதானேன்னு நெனச்சேன்."

சுகந்தி அப்படியே சோபாவில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் ரிமோட் கீழே விழுந்தது. அவள் அந்த போன் செய்தது எனக்குத் தெரியாது. ஆனால் 'முழுசா எதுக்கு' என்று அவள் சொன்ன அன்றே எனக்குள் ஏதோ தெரிந்திருந்தது, தெரியாத மாதிரி இருந்துகொண்டேன். திரையில் செங்கோட்டுவேல் எனக்கு மாலை போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். முகை போய் டிவியை அணைத்தாள்.

இதுவரை எல்லோரையும் ஏசிக்கொண்டிருந்த சுகந்தி தலை நிமிரவில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். மச்சான், ஊரில் அத்தனை பேரையும் அதட்டி வேலை வாங்குகிறவர், சத்தமில்லாமல் அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து மெஹரிடம் நீட்டினார்.

"மெஹர்" என்றாள் சுகந்தி, குனிந்தபடியே. "மிஷின் கேட்டப்ப இல்லன்னு சொன்னே. இப்ப நான் கேக்கறேன். அன்னிக்கு வாசல்ல வந்து நின்னது நீதானே?"

"என்னடி இது, சின்னப் புள்ள மாதிரி."

"சொல்லு."

மெஹர் தண்ணீரை முழுதாகக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். அவருக்குக் கோபம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முகத்தில் எப்போதும் இருக்கிற அதே சிரிப்புதான் இருந்தது.

"அதை விடு சுகி" என்றார். "நாளைக்கு நான் மண்டபத்துக்கு எப்ப வரட்டும்? சம்பந்தி வீட்டு ஆளுங்க எல்லாம் உள்ள போனப்பறமா வந்தாப் போதுமா?"